காருக்குள் புகை நாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடிக்கொண்டிருக்கும்போதே காருக்குள் புகை வாடை தூக்கலாக வருகிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

நான்கு கண்ணாடிகளையும் முழுதாக இறக்குங்கள். ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலைக்கு மாற்றி ஃபேனை வேகமாக வையுங்கள். முன்னால் போகும் லாரியின் புகையாக இருந்தால், அதைத் தாண்டிய ஓரிரு நிமிடத்தில் வாடை போய்விடும். போகவில்லை என்றால் அது உங்கள் வண்டியின் புகைதான். பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள்.

யாருக்காவது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்பாகப் பின்சீட்டில் தூங்கும் குழந்தையை எழுப்பிப் பாருங்கள். அறிகுறி இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதே காரில் அல்ல. அங்கே "கார் புகையைச் சுவாசித்தோம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இந்த விஷயத்தில் ஏமாற்றும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருந்தாலும் அது ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 என்று காட்டிவிடும். ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

வெறும் நாற்றம்தானே, இவ்வளவு பயப்பட வேண்டுமா?

நாற்றத்துக்காகப் பயப்பட வேண்டாம். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்குத்தான் பயம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி வெளியேற 4 முதல் 6 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வைத்துச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரமாகக் குறையும்.

1,200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கு கார்பன் மோனாக்சைடு என்ற அளவையே, தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக வைத்திருக்கின்றன. பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம் கெட்டுப்போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வேலை செய்யாத பெட்ரோல் எஞ்சினின் புகையில் இந்த வாயு ஒரு சதவீதத்துக்கு மேலேயே இருக்கக்கூடும். ஒரு சதவீதம் என்றால் 10,000 பிபிஎம். சிறு கசிவு என்று சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அப்படியானால் வாடை இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. நாம் முகர்வது எரியாத எரிபொருள், கந்தகச் சேர்மங்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் போன்றவற்றை. மூக்கோ சீக்கிரம் பழகிவிடும். அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத வாடை, கதவைத் திறந்து ஏறுபவருக்குச் சட்டென்று தெரியும். வண்டியில் புதிதாக ஏறும் ஒருவர் "என்ன, புகை நாறுகிறதே" என்றால், "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று தட்டிக்கழிக்காமல் அவர் பேச்சை நம்புங்கள்.

புகை எப்படி உள்ளே வருகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காருக்குள் புகை வர இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும். ஒன்று, புகை வெளியேறும் இடம். அது மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வாங்கும் முதல் பாகம்), குழாய், சைலன்சர் இவற்றில் விழுந்த ஓட்டையாக இருக்கலாம், அல்லது கடைசியில் இருக்கும் வால்குழாயாகவே இருக்கலாம். இரண்டாவது, காரின் உடம்பில் புகை நுழையும் வழி. டிக்கி ரப்பர், தரையில் கழன்றுபோன ரப்பர் மூடி, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரான ஃபயர்வாலில் வயர் நுழையும் துளை, கியர் லீவரின் அடி உறை, கண்ணாடிக்குக் கீழே ஏசி காற்று எடுக்கும் வாய் என்று இதற்குப் பட்டியல் நீளம்.

பெரும்பாலான பட்டறைகளில் முதல் வழியை மட்டும் பார்ப்பார்கள். சைலன்சரை மாற்றி அனுப்புவார்கள், வாடை ஒரு மாதம் குறைந்து மீண்டும் வரும். உடம்பு ஓட்டையை மட்டும் அடைப்பதும் தவறுதான். கசிவு அப்படியே இருக்கும், வேறு இடுக்கு வழியாக நுழையும். இரண்டையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

எந்த இடத்தில் கசிகிறது என்று எப்படி ஊகிப்பது?

வாடை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் இதைக் குறித்து வைத்தால் மெக்கானிக்கின் நேரமும் உங்கள் பணமும் மிச்சம்.

சிக்னலில் நிற்கும்போது வந்து, வேகம் பிடித்ததும் மறைகிறதா? கசிவு முன்பக்கம், பானெட்டுக்குள். நிற்கும்போது அங்கே தேங்கும் புகையைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்று வாய் உறிஞ்சி ஏசி வழியாக உள்ளே தள்ளுகிறது. ஓடும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். இதை உறுதிசெய்ய, திறந்த வெளியில் வண்டி நிற்கும்போது ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிப் பாருங்கள். வாடை குறைந்தால் நுழையும் வழி ஏசி வாய்தான்.

நெடுஞ்சாலை வேகத்தில் வருகிறதா, அதுவும் பின்சீட்டில் அதிகமா? அப்போது பின்பக்கத்தைப் பாருங்கள். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகும். வால்குழாயிலிருந்து வரும் புகை அந்தச் சுழலில் சிக்கி டிக்கிக் கதவிலேயே மோதிக்கொண்டிருக்கும். ரப்பரில் இடைவெளி இருந்தால் உள்ளே வந்துவிடும். பின்பக்கம் நேராக வெட்டினாற்போல் இருக்கும் வண்டிகளில் இது அதிகம்.

மேட்டில் ஏறும்போது, ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிக்கும்போது மட்டும் வருகிறதென்றால் அழுத்தம் கூடும்போது திறந்துகொள்ளும் கசிவு. மேனிஃபோல்டு கேஸ்கட் (இணைப்புக்கு நடுவே வைக்கும் அடைப்புத் தகடு), டர்போ இணைப்பு, எஞ்சினை அடுத்திருக்கும் வளையும் குழாய் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அந்த வளையும் குழாய், மேலே கம்பி வலை பின்னியிருக்கும் துண்டு. எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து ஒருநாள் விரிசல் விடும். எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் போயிருந்தால் இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்ட வண்டியில் குழாயை மட்டும் மாற்றி மவுண்டை விட்டால் புதுக் குழாயும் கிழியும்.

வாடையின் தன்மையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கண்ணை எரிக்கும் காரமான புகை என்றால் சாதாரண எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) கசிவு. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போய்க் கன்வெர்ட்டர் தடுமாறும்போது வரும். ஆனால் அதே நாற்றம் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்தும் வரும். கன்வெர்ட்டரை மாற்றும் முன் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.7 வரை இருந்தால் சரி. 15ஐத் தாண்டினால் குற்றவாளி ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர்தான்.

எண்ணெய் கருகும் வாடை எக்ஸாஸ்ட் கசிவே இல்லாமலும் வரும். வால்வ் கவர் கேஸ்கட் வழியாகக் கசியும் ஆயில் சூடான மேனிஃபோல்டு மேல் சொட்டினால், பானெட் ஓரங்களில் மெல்லிய நீலப் புகை கிளம்பும். இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டமும் சேர்ந்து வந்தால் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது.

அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று ப்ரீதர் குழாய். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்கு அனுப்பும் ரப்பர் குழாய் அது. வெடித்துவிட்டால் எண்ணெயும் புகையும் கலந்த வாடை நேராக ஏசி வாய்க்குப் போகும். சைலன்சர் முழுவதையும் மாற்றிய பிறகு இந்தச் சிறிய குழாயைக் கண்டுபிடிப்பது எரிச்சலான அனுபவம். ஆகவே அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

புகையோடு பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. மைலேஜும் குறைந்துவிட்டது.

பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதைவிடப் பெட்ரோல் கூடினால் எரியாத மிச்சம் புகையோடு வரும். காற்று ஃபில்டர் அடைப்பு, ஒழுகும் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் பாகம்), பழுதான கூலன்ட் சென்சார், தேய்ந்த ஸ்பார்க் பிளக் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. கூலன்ட் சென்சார் கெட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணி, பெட்ரோலைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு சுவையான சிக்கல் உண்டு. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் முன்பக்க ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால், புகை வெளியே போவதோடு, அழுத்த அலைகளுக்கு இடையே வெளிக்காற்றும் உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். கசிவால் புகையும் வரும், கூடுதல் பெட்ரோலால் வாடையும் ஏறும். ஸ்கேனரில் பி0171 (பெட்ரோல் போதவில்லை) என்ற பழுதுக் குறி வந்ததைப் பார்த்து சென்சாரை மாற்றுவார்கள், சென்சாரோ நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். பி0171, பி0420 (கன்வெர்ட்டர் திறன் குறைவு) போன்ற குறிகள் வந்தால் எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பி0300 வரிசை என்றால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வாடை வருகிறது, பிறகு போய்விடுகிறது.

சிறிதளவு என்றால் இயல்புதான். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும், கன்வெர்ட்டரும் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடான பிறகே ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும். சுவருக்கு மிக அருகே பின்பக்கம் வைத்து நிறுத்தியிருந்தால் அந்தப் புகை திரும்பி வந்து உள்ளே நுழையும்.

ஆனால் வாடையோடு "டிக் டிக்" என்று ஒரு சத்தமும் வந்து, எஞ்சின் சூடானதும் இரண்டும் சேர்ந்து மறைந்தால் அது இயல்பல்ல. மேனிஃபோல்டில் விரிசல் அல்லது கேஸ்கட்டில் கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் சத்தம் நிற்கிறது. எஞ்சின் வால்வுகளின் டேப்பட் சத்தம் என்று பலர் இதை ஒதுக்கிவிடுவார்கள்.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், ஷெட்டின் கதவு திறந்திருந்தாலும்தான். ஹைபிரிட் வண்டியை ஆனில் விட்டு இறங்கினால் பேட்டரி குறையும்போது எஞ்சின் தானே ஓடத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பட்டறைக்குப் போகாமல் நானே கசிவைக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், சமதளத்தில் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

முதலில் வெறும் கண் போதும். இணைப்புகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புகை கசியும் இடத்தில் கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ விசிறி போலத் தடம் விழுந்திருக்கும். மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் கோடு, ஆக்சிஜன் சென்சார் திருகியிருக்கும் இடம், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் குழாய், வளையும் குழாய், சைலன்சரின் மடிப்பு ஓரம் என்று முன்னாலிருந்து பின்னால் போங்கள்.

கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் சோப்புத் தண்ணீர். வீட்டு வேக்குவம் கிளீனரில் காற்றை வெளியே ஊதும் பக்கம் குழாய் மாட்டும் வசதி இருந்தால், அதை வால்குழாயில் நுழைத்து இடைவெளியைத் துணியால் அடைத்து ஊதவிடுங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசிவுள்ள இடத்தில் நுரை பொங்கும். எனக்குத் தெரிந்து, செலவில்லாத சோதனைகளில் இதற்கு இணை கிடையாது. ஒருவர் பின்னால் பிடிக்க, இன்னொருவர் தெளித்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிளாம்ப் போட்ட இணைப்பில் ஓரிரு குமிழி வருவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். மேனிஃபோல்டு பக்கம் ஒரு குமிழி வந்தாலும் விடக்கூடாது.

எஞ்சினை ஓடவிட்டு, கனமான கையுறையோடு, மடித்த துணியால் வால்குழாயைச் சில நொடி அடைக்கும் முறையும் உண்டு. உள்ளே அழுத்தம் ஏறும்போது "ஸ்ஸ்" என்ற சத்தம் எங்கே வருகிறது என்று இன்னொருவர் கேட்க வேண்டும். முகத்தைக் குழாய்க்கு நேராக வைக்காதீர்கள், நீண்ட நேரம் அடைக்காதீர்கள். இதிலும் பிடிபடாததைப் குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவு தேடும் பட்டறைக் கருவி காட்டிக்கொடுக்கும்.

டீசல் வண்டியில் என்ன வித்தியாசம்?

டீசல் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு பொதுவாகக் குறைவு, நாற்றமும் கரியும் அதிகம். இங்கே தனியாகப் பார்க்க வேண்டியது இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது தேய்ந்தால் எரியறையின் வாயு நேராக மேலே கசியும். "சஃப் சஃப்" என்ற சத்தமும் ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) புகை வாடையும் வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்புக் கட்டி படியும். எக்ஸாஸ்ட் குழாயை எத்தனை தடவை சோதித்தாலும் இது தெரியாது, ஏனென்றால் கசிவு குழாயில் இல்லை. தள்ளிப்போட்டால் கறுப்புக் கட்டி இறுகி, இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். கழற்றியதும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகக் கடைந்து, புது வாஷரும் புதுப் போல்ட்டும் போட்டு, சரியான முறுக்கில் இறுக்க வேண்டும். பழைய வாஷரையே திருப்பிப் போடும் சிக்கனம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

கரி வடிகட்டி உள்ள புதிய டீசல் வண்டிகள் சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் தாமே எரித்துக்கொள்ளும். அப்போது கருகல் வாடை வரும், ஐடில் வேகம் கூடும், நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடும். அது பழுதில்லை. ஆனால் பாதியிலேயே வண்டியை நிறுத்துவது வழக்கமானால் எரியாத டீசல் போய் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் முழுவதும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் வாடை வருகிறதே?

அப்படியானால் முன்பு சொன்ன இரண்டாவது வழி, அதாவது காரின் உடம்பிலுள்ள ஓட்டை. 2011 முதல் 2017 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் வந்த புகார்கள் இதற்கு நல்ல பாடம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் விசாரணை தொடங்கியது. 2017 ஜூலையில் ஆஸ்டின் நகரக் காவல்துறை தன்னிடமிருந்த சுமார் 400 வண்டிகளை ஓட்டத்திலிருந்து விலக்கியது. காவல் வண்டிகளில் விளக்கும் கருவிகளும் பொருத்தத் துளையிட்டவர்கள் அந்தத் துளைகளைச் சரியாக அடைக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. பொதுமக்களின் வண்டிகளுக்கும் பின்பக்க அடைப்புகளைச் சீர்செய்வது, ஏசியின் மென்பொருளை மாற்றுவது என்று இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. விசாரணை 2023 ஜனவரியில் முடிக்கப்பட்டது.

உங்கள் வண்டியில் பின்பக்கக் கேமரா, ஸ்பீக்கர், இழுவைக் கொக்கி என்று பிறகு ஏதாவது பொருத்தினார்களா? பின்னால் இடிபட்டுத் தகரவேலை நடந்ததா? அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். இரவில் டிக்கிக்குள் பளிச்சென்ற டார்ச்சை எரியவிட்டு மூடி, வெளியே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். டிக்கி ரப்பரில் சாக்பீஸ் பூசி மூடித் திறந்தால், எதிர்ப்பக்கத் தகரத்தில் கோடு அறுந்திருக்கும் இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுங்கள். பிடிமானமே இல்லாமல் வந்தால் அங்கும் இடைவெளி. டெயில் லைட்டின் கேஸ்கட்டையும் ஸ்டெப்னி பள்ளத்தின் ரப்பர் மூடியையும் மறக்காதீர்கள்.

பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுவழி மடல்கள் வேறு உண்டு. கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று வெளியேறுவதற்காக வைத்த ஒருவழி ரப்பர் மடல்கள். விபத்துக்குப் பின் பம்பர் மாற்றிய வண்டிகளில் இவை மடங்கியோ காணாமலோ போயிருக்கும். அவற்றை டேப் போட்டு முழுதாக அடைத்துவிடாதீர்கள், புதிய மடலைத்தான் போட வேண்டும்.

வால்குழாயின் நுனியையும் பாருங்கள். அது உடம்பின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். தொங்கு ரப்பர் அறுந்து குழாய் உள்வாங்கியிருந்தால் புகை தரைக்கடியிலேயே சுற்றும்.

டிக்கியைத் திறந்து வைத்துச் சாமான் ஏற்றிப் போகலாமா?

கூடாது. தவிர்க்கவே முடியாத சூழ்நிலையில், பின்கண்ணாடிகளை மூடிக்கொண்டு, முன்பக்கம் ஃபேனை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் புகை பின்வழியாக நுழைவது குறையும். பின்கண்ணாடியை மட்டும் திறந்தால் நேர் எதிர் விளைவு.

வாடை வரும்போது உட்காற்றுச் சுழற்சியைப் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? ஃபில்டரை மாற்றினால்?

அடுத்த வண்டியின் புகைக்கு அது சரியான வழி. உங்கள் வண்டியே கசிந்தால், உள்ளே வந்ததை வெளியே விடாமல் நீங்களே பூட்டி வைப்பதுதான் நடக்கும். ஏசி ஃபில்டர் விஷயத்தில், கரி பூசிய வகை நாற்றத்தை ஓரளவு பிடிக்கும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. நாற்றம் குறைந்து வாயு அப்படியே இருப்பது இன்னும் மோசம் இல்லையா? வாசனை டப்பாவுக்கும் இதே பதில்தான்.

எக்ஸாஸ்ட் பேஸ்ட், சுற்றுப்பட்டி, எம்-சீல் போட்டு ஒட்டலாமா?

சைலன்சர் பக்கத்துச் சிறு ஓட்டைக்கு, வெல்டிங் செய்யும்வரை தற்காலிகமாகச் சுற்றுப்பட்டி போடலாம். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போட்டால் சில வாரம் நிற்கும். எம்-சீல், சாதாரண சிலிக்கோன் எல்லாம் மேனிஃபோல்டு பக்கம் கருகிக் கொட்டிவிடும். வளையும் குழாயில் பட்டி சுற்றுவது வீண், அது வளைந்தாக வேண்டிய பாகம். கேஸ்கட் போன இடத்தில் பேஸ்ட்டை அப்புவதும் வீண்.

மேனிஃபோல்டு கேஸ்கட்டை நானே மாற்றலாமா?

கை பழகியவர் என்றால் மாற்றலாம், ஆனால் துணிந்து இறங்கும் முன் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளின் (மரையுள்ள கம்பிகளின்) நிலையைப் பாருங்கள். பல ஆண்டுச் சூட்டில் வெந்த ஸ்டட், ஸ்பானர் வைத்ததும் முறியும். முந்தைய நாளே துருநீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, இறுக்கியும் தளர்த்தியுமாக மெல்லக் கழற்ற வேண்டும். முறிந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து துளையிட்டு எடுக்கும் வேலை, அது லேத் பட்டறைக்காரருடைய பொறுமையைக் கேட்கும்.

கழற்றியதும் மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ப்பட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் முகத்தைச் சீவ வேண்டும், இல்லையென்றால் புதுக் கேஸ்கட்டும் ஊதிவிடும். பெரும்பாலான வண்டிகளில் நடுவிலிருந்து ஓரங்களுக்கு, இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனி சொன்ன முறுக்கில் இறுக்குவது முறை. நட்டுகள் புதியவையாக இருக்கட்டும்.

விரிசல் விட்ட மேனிஃபோல்டை வெல்டிங் செய்யலாம் என்கிறார்களே?

வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, வெல்டிங் முடிந்ததும் மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் நிற்கும். சாதாரண வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். மாற்றுவதே நல்லது. தகரக் குழாய்க்கும் சைலன்சருக்கும் வெல்டிங் தாராளமாகச் செய்யலாம், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகு.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் பிக்கப் கூடும் என்று எடுத்துவிட்டேன். அதனால் வாடை வருமா?

வரும். கன்வெர்ட்டர்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிக்கொண்டிருந்தது. இப்போது முழுவதும் அப்படியே பின்னால் வருகிறது. திரும்பப் போடுவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

சைலன்சரில் ஒரு சிறு துளை இருக்கிறது, தண்ணீரும் சொட்டுகிறது.

அடைக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். அது வடிவதற்காகக் கம்பெனியே பல சைலன்சர்களில் அடிப்பக்கம் துளை வைத்திருக்கிறது. வட்டமாக, ஓரம் சுத்தமாக இருந்தால் அதுதான். ஓரம் துருவேறிப் பிய்ந்திருந்தால் ஓட்டை. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் தண்ணீர் ஆவியாகும் அளவுக்குச் சைலன்சர் சூடாவதில்லை, அதனால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கேஸில் ஓடும் வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லைதானே?

புகை வாடை குறைவு, கார்பன் மோனாக்சைடு உண்டு. வாடையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். அழுகிய முட்டைக்கோஸ் போல அடித்தால் அது எரியாத கேஸ். கசிவு தெரிவதற்காகவே கலக்கப்படும் வாடை. எஞ்சினை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் தள்ளிப்போய் நில்லுங்கள்.

காரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் அளவை எண்ணில் காட்டும் கையடக்க மானியாக வாங்குங்கள். வீட்டுக்கான அலாரம் பொறுமைசாலி. 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை பார்த்துவிட்டுத்தான் கூவும்படி அமெரிக்கத் தரவிதி அமைத்திருக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் சூடும் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

ரிப்பேர் முடிந்தது. சரியாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

புதுச் சைலன்சரோ குழாயோ போட்டிருந்தால் முதல் சில ஓட்டங்களில் அதன்மேல் பூசிய எண்ணெயும் பெயின்ட்டும் எரிந்து வாடை வரும், புகைகூடத் தெரியும். கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுங்கள். ஓரிரு நாளில் தீர வேண்டும். தீராவிட்டால் இணைப்பு ஒன்று கசிகிறது.

பிறகு மானி வெளியே காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு, அதை உள்ளே வைத்து, முன்பு எந்தச் சூழ்நிலையில் வாடை வந்ததோ அதையே மீண்டும் உண்டாக்குங்கள். நிற்கும்போது வந்ததென்றால் திறந்த வெளியில் கண்ணாடிகளை ஏற்றி ஐடிலில் பத்து நிமிடம், நெடுஞ்சாலையில் வந்ததென்றால் அதே வேகத்தில், பின்சீட்டில் ஒருவர் மானியைப் பார்த்துக்கொண்டிருக்க. வெளிக்காற்று நிலையிலும் உட்காற்று நிலையிலும் தனித்தனியாகப் பாருங்கள். வெளியே காட்டிய எண்ணைவிட உள்ளே எண் ஏறிக்கொண்டே போனால், வாடையே தெரியாவிட்டாலும் அன்றே பட்டறைக்குத் திருப்புங்கள். போகும்போது அந்த எண்களையும், எந்த நிலையில் எத்தனை நிமிடத்தில் ஏறியது என்பதையும் எழுதிக் கொடுங்கள். "இன்னும் நாறுகிறது" என்று சொன்னால் பழைய இணைப்புகளையே மறுபடி இறுக்கித் தருவார்கள். எண்ணோடு போனால் ரேம்பில் ஏற்றிப் பார்ப்பார்கள்.